கணக்கை வாசிங்க, அண்ணாச்சி!

பொதுக்காரியத்துக்குக் காசு யார் கொடுப்பது, கொடுத்த காசுக்கு யார் கணக்குச் சொல்வது என்ற கேள்விக்கு எங்கள் பக்கத்து வியாபாரிகள் எப்போதோ விடை கண்டுபிடித்துவிட்டார்கள். அப்போது டெல்லியில் தேர்தல் கிடையாது, கட்சி கிடையாது. விருதுநகருக்கே விருதுநகர் என்ற பெயர் கிடையாது. 1923 வரை அது விருதுபட்டி.

தெற்கேயிருந்து மாட்டுவண்டியில் கருப்பட்டியும் பருத்தியும் புகையிலையும் ஏற்றிவந்த நாடார் வியாபாரிகள், விருதுபட்டி, சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களில் பேட்டை போட்டார்கள். வழிப்பறிக்குப் பயந்து மதில் எழுப்பியாயிற்று. மதிலுக்குள் கிணறு வேண்டும், மாட்டுக்குத் தொட்டி வேண்டும், சாமிக்குக் கோயில் வேண்டும். காசு? மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று மகமை வைத்தார்கள். யாரும் யாரையும் கெஞ்சவில்லை. சரக்கு கைமாறினால் மகமை விழுந்தது.

அந்தப் பணத்தை உறவின்முறை என்ற சாதிச் சபை வசூலித்தது, முறைகாரர்கள் முறை வைத்து நிர்வகித்தார்கள், கூட்டம் கூட்டி வரவு செலவை வாசித்தார்கள். வாசிக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழும். “அண்ணாச்சி, கிணத்துக்குப் புதுக் கயிறுன்னு எழுதிருக்கீக. பழைய கயிறு எங்க போச்சு?” அப்படி ஒரு குரல் எழாத கூட்டம் கூட்டமே அல்ல. இந்தக் காசில்தான் 1880களின் இறுதியில் விருதுபட்டியில் க்ஷத்திரிய வித்யாசாலை எழுந்தது. மகமை போதாமல், வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது எடுத்துவைத்த பிடியரிசியும் அந்தப் பள்ளிக்குப் போனது. அங்கே படித்த ஒரு பையன் பிற்பாடு முதலமைச்சராகி, மாநிலம் முழுக்கப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்டான்.

இதைச் சொர்க்கம் என்று நான் விற்கவில்லை. ஒரு சாதிக்குள் நடந்த ஏற்பாடு. வெளியாள் உள்ளே வந்து கேள்வி கேட்டுவிட முடியாது. பிடியரிசி எடுத்துவைத்த ஆச்சிக்குக் கூட்டத்தில் நாற்காலி கிடையாது. ஆனால் மூன்று விஷயம் மட்டும் சுத்தம்: கொடுத்தவர் யார் என்று தெரியும், எவ்வளவு என்று தெரியும், எங்கே போனது என்று சபையில் வாசிக்கப்படும். இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி எறிய இந்தியக் குடியரசுக்கு அறுபது வருடம் பிடித்தது. அந்த அறுபது வருடக் கதைதான் இது. அதற்கு முன்னால், மகமைக்கு நேரெதிரான ஒரு மாடலையும் நம் சீமையே உலகுக்குக் கொடுத்திருக்கிறது என்பதைப் பெருமையோடு பதிவு செய்துவிடுகிறேன்.

நவாபு வாங்கிய எம்.பி.க்கள்

ஆற்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவுக்கு ஒரு பழக்கம். கடன் வாங்குவார். எதற்கு என்று கேட்டால், பழைய கடனை அடைக்க. கொடுத்தவர்கள் சென்னையில் இருந்த கும்பினி உத்தியோகஸ்தர்கள். சம்பளம் கொஞ்சம், வட்டி ஏராளம். ஈடு என்ன? திருநெல்வேலி முதல் நெல்லூர் வரை குடியானவன் இன்னும் அறுக்காத நெல். வரி பாக்கி என்று சொல்லிக்கொண்டு தெற்கத்திப் பாளையங்கள் மீது நவாபும் கும்பினியும் படை நடத்தியதில் வீரமும் துரோகமும் நிறைய உண்டு. பாடப்புத்தகம் அதைச் சொல்லிவிட்டது. வட்டிக் கணக்கைச் சொல்ல மறந்துவிட்டது.

கடன்காரர்களில் பெரிய ஆள் பால் பென்ஃபீல்ட். நவாபு என்றைக்காவது ‘தர முடியாது’ என்று சொல்லிவிட்டால்? லண்டனில் ஏதாவது நேர்மையான மந்திரி கிளம்பி, ‘இந்தக் கடன் உண்மைதானா?’ என்று கேட்டுவிட்டால்? முன்யோசனைக்காரர் பென்ஃபீல்ட் 1780-ல் தானே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினராகிவிட்டார். தன்னோடு சேர்த்து எட்டுப் பேரை அவர் உள்ளே அனுப்பினார் என்று 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் சபையிலேயே போட்டு உடைத்தார். அற்புதமான பேச்சு. இன்றும் ஆங்கிலம் படிப்பவர்கள் சிலாகிக்கிறார்கள். விளைவு? பிரதமர் பிட்டின் அரசாங்கம் கடன்களை விசாரணையே இல்லாமல் ஒப்புக்கொண்டது. வருடத்துக்கு 12 லட்சம் பகோடா, நவாபின் கர்நாடகச் சீமை வருமானத்திலிருந்து.

ஆக, நம் ஊர் வரிப்பணத்தில் எம்.பி. வாங்கும் தொழில் நம் ஆட்கள் யாரும் எம்.பி. ஆவதற்கு நூறு வருடம் முன்பே தொடங்கிவிட்டது. இன்று யாராவது ‘முதலீட்டுக்கு உகந்த மாநிலம்’ என்று மேடையில் பேசினால் எனக்கு பென்ஃபீல்ட் ஞாபகம்தான் வருகிறது.

எச்சரித்துவிட்டு அனுமதித்த நீதிபதி

சுதந்திரம் வந்தது. கம்பெனிகள் கதர் போட்டுக்கொண்டன. 1957-ல் டாடா இரும்பு எஃகு கம்பெனி பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. கட்சிகளுக்கு நன்கொடை தர வசதியாகத் தன் அமைப்பு விதிகளைத் திருத்திக்கொள்ள அனுமதி வேண்டுமாம். இப்போதைய கம்பெனிக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். நன்கொடை கொடுக்க கோர்ட்டுக்குப் போய் அனுமதியா! அந்தக் காலம் அப்படி.

தலைமை நீதிபதி எம்.சி. சக்லா, இது வளர்ந்தால் ஜனநாயகத்தின் கழுத்தையே நெரிக்கும், நாடாளுமன்றம் விழித்துக்கொள்ள வேண்டும் என்று கடுமையாக எச்சரித்தார். எச்சரித்துவிட்டு, சட்டத்தில் தடை இல்லாததால் அனுமதியும் கொடுத்தார். ‘ஓட்டப்பந்தயத்தில் ஓடாதே, மூச்சு வாங்கும்’ என்று சொல்லிக்கொண்டே விசில் ஊதிய பி.டி. வாத்தியார்.

நாடாளுமன்றம் 1960-ல் ஒரு கண் திறந்தது. ஒரு கம்பெனி கட்சிகளுக்கு வருடம் 25,000 ரூபாய், அல்லது மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை தரலாம். கணக்கில் காட்ட வேண்டும். அடுத்த வருடம் ஜே.ஆர்.டி. டாடா ஒரு காரியம் செய்தார். காங்கிரஸுக்குக் கொடுப்பதோடு, ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்கும் கொடுக்கப்போகிறோம் என்று பிரதமர் நேருவுக்கே கடிதம் எழுதினார். சுதந்திராக் கட்சி நல்ல எதிர்க்கட்சியாக வளரும் என்பதை நேரு ஏற்கவில்லை. ஆனால் கொடுப்பது உங்கள் உரிமை என்று பதில் எழுதினார்.

யோசித்துப் பாருங்கள். பெருமுதலாளி எதிர்க்கட்சிக்குக் காசு கொடுக்கிறார், அதைப் பிரதமரிடமே சொல்கிறார், மறுநாள் காலை அவர் வீட்டுக்கு வருமான வரித்துறை வரவில்லை! இதை நம்பாத வாசகர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

விருதுநகரில் தோற்றதும் டெல்லியில் பூட்டியதும்

1967. காமராஜர் சொந்த ஊரான விருதுநகரில் நிற்கிறார். விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தவர், ‘படுத்துக்கொண்டே ஜெயிப்பேன்’ என்று சொன்னதாகச் சொல்வார்கள். எதிரே தி.மு.க.வின் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். முடிவு வந்தபோது 1,285 வாக்கு வித்தியாசத்தில் காமராஜர் தோற்றிருந்தார். கல்விக்கண் திறந்தவருக்கு, அவர் படிக்க வைத்த தலைமுறை கொடுத்த டி.சி. அது.

தோல்வி விருதுநகரோடு நிற்கவில்லை. எட்டு மாநிலங்களில் காங்கிரஸ் கவிழ்ந்தது. மக்களவையில் சுதந்திராக் கட்சி 44 இடம் பிடித்துப் பெரிய எதிர்க்கட்சியாக வந்து உட்கார்ந்தது. சுதந்திராவுக்குப் பின்னால் யார்? கம்பெனிகள். கம்பெனிகளுக்குப் பின்னால்? 1960-ம் வருடத்துச் சட்டம். இந்திரா காந்திக்கு விஷயம் புரிந்தது. 1969-ல் கம்பெனிகள் கட்சிகளுக்கு நன்கொடை கொடுப்பதே குற்றம் என்று சட்டம் வந்தது. பணக்காரர் பிடியிலிருந்து ஜனநாயகத்தை விடுவிக்கத்தான் என்று விளக்கமும் வந்தது. அதே வருடக் கடைசியில் காங்கிரஸே இரண்டாகப் பிளந்து, காமராஜர் ஒரு பக்கமும் இந்திரா ஒரு பக்கமும் நின்றார்கள். அது வேறு கதை.

செக்கு நின்றது. பணம் நின்றதா? கட்சிகள் அவ்வளவு சீக்கிரம் பட்டினி கிடப்பவை அல்ல. முதல் வழி பெட்டி. இரண்டாவது வழி மாநாட்டு மலர். தமிழனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தலைவர் படம் போட்ட தடித்த மலர். உள்ளே கட்டுரை நாலு, விளம்பரம் நானூறு. ‘மாநாடு வெல்க’ என்று முழுப்பக்கம் போட்டு, கீழே பம்ப்செட் கம்பெனி பெயர். அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு பம்ப்செட் வாங்கிய விவசாயி எவரையும் எனக்குத் தெரியாது. ஆனால் கம்பெனிக்கு அது விளம்பரச் செலவு. விளம்பரச் செலவுக்கு வரிக் கழிவு! கடைசியில் 1970களின் இறுதியில் வருமான வரிச் சட்டத்தில் தனியாக ஓர் உட்பிரிவே சேர்க்க வேண்டிவந்தது: கட்சி வெளியிடும் மலரில் போடும் விளம்பரத்துக்குக் கழிவு கிடையாது. ஒரு தேசத்தின் இலக்கிய வகை ஒன்று வருமான வரிச் சட்டத்துக்குள் நுழைந்தது அப்போதுதான்.

1985-ல் ராஜீவ் காந்தி பூட்டைத் திறந்தார். சராசரி லாபத்தில் 5 சதவீதம் வரை தரலாம், இயக்குநர் குழு தீர்மானம் போட வேண்டும், கணக்கில் கட்சியின் பெயரோடு எழுத வேண்டும். அதே 1985-ல்தான் ராமநாதபுரத்தைப் பிரித்து, காமராஜர் பெயரில் எங்கள் மாவட்டமும் பிறந்தது. நன்கொடைக்கும் எங்களுக்கும் ஒரே ஜாதகம். 2013-ல் உச்சவரம்பு 7.5 சதவீதமாக உயர்ந்தது. பெயர் எழுத வேண்டும் என்ற விதி மட்டும் ஒரு மூலையில் உயிரோடு இருந்தது. அதற்கும் நேரம் வந்தது.

‘அச்சாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது’

2017 பட்ஜெட். தேர்தல் நிதியைச் சுத்தம் செய்யப்போகிறோம் என்று நிதியமைச்சர் அருண் ஜெட்லி அறிவித்தார். சுத்தம் எப்படி நடந்தது என்றால், 7.5 சதவீத வரம்பு போயிற்று. எந்தக் கட்சிக்கு என்று எழுத வேண்டிய கட்டாயம் போயிற்று. லாபமே இல்லாத கம்பெனியும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று ஆயிற்று. வீட்டைச் சுத்தம் செய்யச் சொன்னால் விளக்கை அணைத்துவிட்டு, ‘இப்போது குப்பை தெரிகிறதா?’ என்று கேட்கும் ரகம்.

கொடுப்பவர் பெயர் இல்லாத தேர்தல் பத்திரம் என்ற யோசனைக்கு ரிசர்வ் வங்கி ஜனவரி 30 அன்றே ஆட்சேபம் எழுதியது. இது நாணயத்துக்கே ஊறு, இப்படிப் பத்திரம் வெளியிடாதீர்கள் என்றது. நிதி அமைச்சகத்திலிருந்து வந்த பதில்: ஆலோசனை தாமதமாக வந்திருக்கிறது, நிதி மசோதா ஏற்கெனவே அச்சாகிவிட்டது.

இதைக் கேட்டு சிவகாசியே எழுந்து நின்று கும்பிட்டிருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் பெண்ணின் சித்தப்பா படிப்பு விழுந்துவிட்டது என்று பதறி வரும் வாடிக்கையாளரிடம் எங்கள் அச்சகக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் பதில் அது: “பிரிண்ட் ஆயிருச்சே அண்ணாச்சி!” ஆனால் எங்கள் ஆட்கள்கூட அதைச் சொல்லிவிட்டு, கடைசியில் திருத்தி அடித்துக் கொடுப்பார்கள். இந்தியக் குடியரசு திருத்தி அடிக்கவில்லை. அந்த மே மாதம் தேர்தல் ஆணையமும் இது பின்னோக்கிய அடி என்று கடிதம் எழுதியது. கடிதம் கோப்பில் பத்திரமாக இருந்தது.

2018 ஜனவரி 2 அன்று தேர்தல் பத்திரத் திட்டம் வெளியானது. ஸ்டேட் வங்கியில் வாங்கலாம். 1,000 ரூபாய் முதல் 1 கோடி வரை ஐந்து மதிப்பு. 15 நாளைக்குள் கட்சி மாற்றிக்கொள்ள வேண்டும். அதில் வாங்கியவர் பெயர் இருக்காது, பெறுபவர் பெயரும் இருக்காது. சாமானியனும் ஜனநாயகத்துக்குப் பங்களிக்கட்டும் என்றுதான் 1,000 ரூபாய்ப் பத்திரமாம். விற்றவற்றில் மதிப்புப்படி 90 சதவீதத்துக்கும் மேல் 1 கோடி ரூபாய்ப் பத்திரங்களே. சாமானியன் கொஞ்சம் வசதியாகிவிட்டான் போல.

எங்களுக்கு உண்மையான வருத்தம் வேறு. இந்தப் பத்திரம் அச்சானது நாசிக்கில்! 1923-ல் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது, லேபிளுக்கு அச்சகம் தேவைப்பட்டது. பிறகு காலண்டர், டைரி, நோட்டு அட்டை, பட்டாசுப் பெட்டி என்று ஊரே மையில் குளித்தது. ஆளுங்கட்சி மாநாட்டு அழைப்பிதழும் அந்த மாநாட்டைக் கண்டிக்கும் நோட்டீஸும் ஒரே தெருவில் காய்ந்துகொண்டிருக்கும். இப்படிப்பட்ட ஊருக்கு ஒரு தாள் 1 கோடி ரூபாய் என்று ஓர் ஆர்டர் வரவில்லை.

வந்திருந்தால் எங்கள் ஆள் கேட்டிருக்கும் முதல் கேள்வி: “அடியில பேரு போடணுமே அண்ணாச்சி, யாரு பேரு?” ஏனென்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு அவர் கழுத்தில் தொங்குகிறது. தேர்தல் சுவரொட்டியோ துண்டறிக்கையோ அடித்தால் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். வெளியிடுபவர் கையெழுத்திட்ட உறுதிமொழி வேண்டும். அவரைத் தனிப்பட்ட முறையில் அறிந்த இரண்டு பேர் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நகலை அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

‘வாக்களிப்பீர்’ என்று நாலு வரி அடிக்கிறவருக்கு முகவரி, உறுதிமொழி, சாட்சி இரண்டு. அந்த நாலு வரிக்கும் அதைத் தாங்கும் கட்சிக்கும் கோடிக்கணக்கில் கொடுத்தவருக்கு முக்காடு. சட்டம் எல்லாருக்கும் சமம்தான். சிலருக்கு மட்டும் கொஞ்சம் மரியாதையாகச் சமம்.

முக்காட்டிலும் ஓட்டை இருந்தது. 2018 ஏப்ரலில் பூனம் அகர்வால் என்ற பத்திரிகையாளர் தலா 1,000 ரூபாய்க்கு இரண்டு பத்திரம் வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினார். புற ஊதா ஒளியில் காட்டினால் எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் பளிச்சென்று தெரிந்தது. அது வெறும் பாதுகாப்புக் குறி, யார் யாருக்குக் கொடுத்தார் என்பதோடு அதை வங்கி சேர்த்து எழுதுவதில்லை என்று அரசு சொன்னது. வாக்காளருக்குத் தெரியாது, பங்குதாரருக்குத் தெரியாது, எதிர்க்கட்சிக்குத் தெரியாது. அரசு வங்கியின் அலமாரிக்கு மட்டும் தெரியும்.

இங்கே சிரிப்பு கொஞ்சம் ஒதுங்கி நிற்கட்டும். வேதாந்தா குழுமத்தின் ஸ்டெர்லைட் உள்ளிட்ட கம்பெனிகளிடம் காங்கிரஸும் பா.ஜ.க.வும் வாங்கிய நன்கொடை, வெளிநாட்டுப் பண முறைப்படுத்தல் சட்டத்தை மீறியது என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தது. வாங்கிய கட்சிகள் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சட்டத்தைத் திருத்தினார்கள். 2016-ல் ஒரு முறை, 2010 வரை பின்தேதியிட்டு. அது போதவில்லை என்று தெரிந்து 2018 மார்ச்சில் இன்னொரு முறை, 1976 வரை பின்தேதியிட்டு, மக்களவையில் விவாதமே இல்லாமல். எலியும் பூனையுமாக இருந்த இரண்டு கட்சிகளும் தப்பித்தன. இரண்டு மாதம் கழித்து, மே 22 அன்று, எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் சுட்டது. 13 பேர் இறந்தார்கள். நன்கொடைக்கும் துப்பாக்கிக்கும் நேர்கோடு போட என்னிடம் ஆதாரம் இல்லை, போடவும் மாட்டேன். ஆனால் தன் ஊர் ஆலையிடம் எந்தக் கட்சி காசு வாங்கியது என்று தெரிந்துகொள்ளும் உரிமை தூத்துக்குடிக்காரருக்கு ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால், பதில் அங்கே இருக்கிறது.

விழுந்தால் கட்சிக்கு

2024 பிப்ரவரி 15. தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தார்கள். வாக்காளருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு, கம்பெனிகள் வரம்பின்றிக் கொடுப்பது செல்லாது என்றார்கள். பட்டியலைக் கொடு என்றதும் ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை நேரம் கேட்டது. மக்களவைத் தேர்தல் முடிந்து, புது மந்திரிசபை பதவியேற்று, பாயசம் குடித்த பிறகு நிதானமாகத் தரலாம் என்று எண்ணம் போலும். கோர்ட் உறுமியதும் மறுநாளே தந்தார்கள். மார்ச் 14 அன்று பட்டியல் வெளியானது. மார்ச் 21 அன்று, எங்குமே சேர்த்து எழுதப்படாது என்று சொல்லப்பட்ட அந்த ரகசிய எண்களும் வந்து சேர்ந்தன.

மொத்தம் விற்றது ஏறத்தாழ 16,500 கோடி ரூபாய். பா.ஜ.க. மட்டும் 6,000 கோடிக்கு மேல் மாற்றியிருந்தது. திரிணமூல் 1,600 கோடிக்கு மேல், காங்கிரஸ் 1,400 கோடிக்கு மேல். வாங்க மாட்டோம் என்று சொல்லி வழக்கும் போட்ட மார்க்சிஸ்ட் கட்சி பட்டியலில் இல்லை. ராஜபாளையத்தைப் பதிவு அலுவலகமாகக் கொண்ட ராம்கோ சிமெண்ட்ஸ் பெயர் இருந்தது என்பதால் எங்கள் மாவட்டத்துக்கும் தேசிய நீரோட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது.

முதலிடம்தான் காவியம். 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கிய நம்பர் ஒன் கொடையாளி, கோயம்புத்தூர் லாட்டரி அதிபர் மார்ட்டினின் ஃப்யூச்சர் கேமிங் நிறுவனம். 1968-ல் அண்ணா அரசு தமிழகத்தில் லாட்டரி தொடங்கியபோது ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று முழக்கம் வைத்தது. அந்தச் சீட்டுத் தாளில் சிவகாசி அச்சகங்கள் வளர்ந்தன. 2003 ஜனவரியில் ஜெயலலிதா லாட்டரியைத் தடை செய்ததும் பல மிஷின்கள் படுத்தன. தமிழ்நாட்டில் பத்து ரூபாய்க்கு லாட்டரிச் சீட்டு விற்றால் போலீஸ் பிடிக்கும். லாட்டரிக் கம்பெனியிடம் கட்சி நூற்றுக்கணக்கான கோடிக்குப் பத்திரம் வாங்கினால் 2024 வரை அது சட்டப்படி சரியாக இருந்தது. தி.மு.க.வே தேர்தல் ஆணையத்திடம் சொன்ன கணக்குப்படி, அதற்கு வந்த 656.5 கோடியில் 509 கோடி இந்த ஒரே நிறுவனத்துடையது. வீட்டுக்கும் விழவில்லை, நாட்டுக்கும் விழவில்லை.

ஒரு நியாயம் சொல்ல வேண்டும். கொடுத்தவர் பெயர்களைத் தாமே சொன்ன மிகச் சில கட்சிகளில் தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் உண்டு. அ.தி.மு.க.வின் 6 கோடி சொச்சத்தில் 5 கோடி கொடுத்தது சென்னை சூப்பர் கிங்ஸ். 2019 ஏப்ரலில், ஐ.பி.எல். நடுவே! அந்த அணியை 2008-ல் முதலில் ஏலம் எடுத்த இந்தியா சிமெண்ட்ஸ் 14 கோடி கொடுத்தது தி.மு.க.வுக்கு. பேட்டிங்கும் நாமே, பவுலிங்கும் நாமே.

மற்ற கட்சிகளின் பதில்களை எந்த நாடகக் கம்பெனியாலும் எழுத முடியாது. பா.ஜ.க., பெயர் வைத்துக்கொள்ளச் சட்டம் சொல்லவில்லை என்றது. திரிணமூல், அலுவலகப் பெட்டியில் யார் யாரோ போட்டுவிட்டுப் போனார்கள் என்றது. நிதிஷ்குமாரின் ஐக்கிய ஜனதா தளம்தான் சிகரம்: 2019 ஏப்ரல் 3 அன்று பாட்னா அலுவலகத்தில் யாரோ வந்து ஒரு மூடிய கவரைக் கொடுத்தார்கள், திறந்து பார்த்தால் 1 கோடி ரூபாய்ப் பத்திரம் பத்து, கொடுத்தவரைத் தெரியாது, தெரிந்துகொள்ள முயற்சியும் செய்யவில்லை. விருதுநகரில் ஒரு பலசரக்குக் கடையில் பெயர் தெரியாமல் ஒரு மூட்டை உளுந்து இறங்கியிருந்தாலே, யாருடையது என்று கண்டுபிடிக்காமல் அண்ணாச்சி அன்று கடை சாத்த மாட்டார்.

2024 ஆகஸ்ட் 2 அன்று, கொடுக்கல் வாங்கலைத் தோண்ட சிறப்புப் புலனாய்வுக் குழு வேண்டும் என்ற கோரிக்கையை உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. பத்திரம் போனது, யார் எதற்குக் கொடுத்தார் என்ற கேள்வி நின்றுவிட்டது. பணம் அறக்கட்டளை வழிக்கு நகர்ந்தது. 2013-லிருந்தே தேர்தல் அறக்கட்டளைகள் உண்டு. கம்பெனிகள் அதில் கொட்டும், அது கட்சிகளுக்குப் பிரிக்கும். கொட்டியவர் பட்டியலும் தெரியும், பெற்றவர் பட்டியலும் தெரியும். யார் பணம் யாருக்குப் போனது என்பதுதான் கலங்கிவிடும். அதோடு, 20,000 ரூபாய்க்குக் குறைவாகக் கொடுப்பவர் பெயரைக் கட்சி சொல்லவே வேண்டாம் என்ற சலுகையும் பத்திரமாக இருக்கிறது. 19,999 என்ற எண் மேல் இந்தியர்களுக்கு இருக்கும் பக்தியை யாராவது ஆராயலாம்.

யார் வீட்டுக் காசு?

கம்பெனிகள் கட்சிக்குக் கொடுக்கவே கூடாதா? 1969-ல் பூட்டிப் பார்த்தோம், பெட்டி முளைத்தது. அமெரிக்கர்களும் பூட்டிப் பார்த்தார்கள். 1904 அதிபர் தேர்தலில் நியூயார்க் லைஃப் இன்ஷூரன்ஸ் கம்பெனி பாலிசிதாரர் பணத்திலிருந்து ரூஸ்வெல்ட் பிரசாரத்துக்குக் கிட்டத்தட்ட 48,000 டாலர் கொடுத்தது அம்பலமாகி, 1907-ல் தடைச் சட்டம் போட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே காசு எத்தனை சந்து வழியாக வந்தது என்பது தனி மகாபாரதம். பூட்டு மட்டும் போதாது என்பதுதான் பாடம்.

மகமை கொடுத்த வியாபாரி தன் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கம்பெனி இயக்குநர் யார் கல்லாவிலிருந்து எடுக்கிறார்? பங்குதாரர் கல்லாவிலிருந்து. பெரிய கம்பெனிகள் பலவற்றில் எல்.ஐ.சி. பங்கு வைத்திருக்கிறது. எல்.ஐ.சி.யில் பிரீமியம் கட்டுகிறவர்களில் திருத்தங்கல்லில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் அக்காவும் உண்டு. அவர் ஒரு கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வருவார், அவர் பிரீமியம் இன்னொரு கட்சிக்குப் போஸ்டர் ஒட்டும். அவருக்குச் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. பிரிட்டனில் 2000-க்குப் பிறகு கம்பெனி கட்சிக்குக் கொடுக்க வேண்டுமானால் பங்குதாரர்களின் தீர்மானம் வேண்டும். பென்ஃபீல்ட் எம்.பி.யாக இருந்த அதே நாட்டில்! திருந்த முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

இங்கே சட்டம் இயக்குநர் குழுவின் தீர்மானத்தோடு நின்றுவிடுகிறது. ஒரு அறை, பத்து நாற்காலி, முந்திரிப் பருப்பு, தீர்மானம் நிறைவேறியது. அதை ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எந்தக் கட்சிக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில், அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் கம்பெனிக்குக் கிடைத்த டெண்டர் என்ன, வந்த ரெய்டு என்ன என்று வாசியுங்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் பழைய கயிற்றைப் பற்றிக் கேட்கட்டும்.

அதற்கும் சட்டம் திருத்த நேரமில்லை என்றால், சுலபமான வழி ஒன்று இருக்கிறது. 127ஏ பிரிவை நன்கொடையாளருக்கும் நீட்டிவிடுங்கள். போஸ்டரின் அடியில் அச்சகத்தின் பெயருக்குப் பக்கத்தில் காசு கொடுத்த கம்பெனியின் பெயர், முகவரி. அதோடு, கொடுத்தவரைத் தனிப்பட்ட முறையில் எங்களுக்குத் தெரியும் என்று வாங்கிய கட்சிக்காரர்கள் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து. கவர் கொடுத்தவர் முகமே ஞாபகமில்லை என்ற கட்சிகள் அந்த இரண்டு பேரை எங்கிருந்து பிடித்து வரும் என்று பார்க்க எனக்கு ஆசை. படிவம் அடித்துத் தர எங்கள் ஊரில் மிஷின் தயார். அட்வான்ஸை மட்டும் பேர் எழுதின செக்காகக் கொடுத்துவிடுங்கள் அண்ணாச்சி, கவர் வேண்டாம்.